இரண்டாம் முறை மின்காரான பீட்டில்

பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டிலை மின்காராக்குவது கலிஃபோர்னியாவில் இப்போது செய்தியே இல்லை. சான் டியேகோவைச் சுற்றியுள்ள ஊர்களில் அதற்கென்றே பட்டறைகள் உண்டு. மோட்டார், கன்ட்ரோலர், இணைப்புத் தகடு எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாகக் கட்டி விற்கிறார்கள். இப்போது நடப்பது அதற்கு அடுத்த கட்டம். பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு மாற்றிய கார்கள் மறுபடியும் பட்டறைக்கு வருகின்றன. அன்று போட்ட மோட்டார் பழசாகிவிட்டது, பேட்டரி களைத்துவிட்டது. அப்படி வந்த 1967-ஆம் ஆண்டு பீட்டில் ஒன்றை, பாகங்களை மாற்றுவதற்கு முன்னும் பின்னும் ஓட்டிப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தது. கார் நண்பருடையது. வேலையில் எனக்கும் பங்கு உண்டு, பெரும்பாலும் கீழே படுத்துக்கொண்டு போல்ட் கழற்றுகிற பங்கு.

இம்மாதிரிக் காரைப் பார்க்க வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி மோட்டாரைப் பற்றித்தான். அதற்கும் சக்கரத்துக்கும் நடுவே இருக்கிற இரும்பைப் பற்றி யாரும் கேட்பதில்லை. இந்தக் காரில் செலவான பணத்தில் நன்றாகச் செலவானது அந்த இரும்புக்குப் போன பணம் என்பது என் முடிவு. ஏன் என்பதைக் கணக்கோடு சொல்கிறேன்.

முதலில் பழைய நிலை. காரில் இருந்தது நெட்கெய்ன் நிறுவனத்தின் வார்ப் 9. கார்பன் பிரஷ் வைத்த, சீரிஸ் முறையில் சுற்றிய டிசி மோட்டார், எடை 70 கிலோ. அந்தக் காலத்தில் வீட்டுக் கொட்டகையில் மின்கார் செய்தவர்களில் பாதிப் பேர் இதைத்தான் வாங்கினார்கள். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது இழுவை அபாரம். வேகம் கூடக்கூட அது கரைந்துவிடும். பிரேக் போடும்போது மின்சாரத்தைத் திரும்பப் பெறும் வசதி கிடையாது. சுமை இல்லாமல் மின்சாரம் கொடுத்தால் தறிகெட்டுச் சுற்றித் தன்னையே உடைத்துக்கொள்ளும் குணமும் சீரிஸ் மோட்டாருக்கு உண்டு. கிளட்ச் வைத்த காரில் தவறான நொடியில் காலை அழுத்தினால் போதும். அதற்குப் பயந்தே, முதல்முறை மாற்றியபோது கிளட்சை எடுத்துவிட்டு மோட்டாரின் தண்டை கியர்பாக்ஸோடு நேராகக் கோத்திருந்தார்கள். அதன் விளைவை கியர் மாற்றும் ஒவ்வொரு முறையும் காது கேட்டது.

இப்போது வந்திருப்பது அதே நிறுவனத்தின் ஹைப்பர் 9. நிரந்தரக் காந்தமும் ரிலக்டன்ஸ் தத்துவமும் சேர்ந்த ஏசி மோட்டார். சுமார் 55 கிலோ எடை, உச்சத்தில் 234 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, 8,000 ஆர்பிஎம் வரை சுழற்சி. பேட்டரிக்கு டெஸ்லா மாடல் எஸ் காரிலிருந்து எடுத்த ஐந்து மாட்யூல்கள். ஒவ்வொன்றிலும் 444 சிறிய செல்கள், 5.3 கிலோவாட் மணி, மொத்தம் இருபத்தாறரை. பேட்டரியைப் பற்றி இதற்குமேல் எழுதப் போவதில்லை. அதைப் பற்றி ஊரே எழுதுகிறது.

இனி கணக்கு. 1967 மாடலின் 1500 சிசி எஞ்சின் அதிகபட்சமாகத் தந்தது 100 நியூட்டன் மீட்டர். கியர் விகிதங்கள் முதலாவது 3.80, இரண்டாவது 2.06, மூன்றாவது 1.26, நான்காவது 0.89. கடைசிப் பல்சக்கர விகிதம் 4.125. பெட்ரோல் எஞ்சின் முதல் கியரில் சக்கரத்துக்கு அனுப்பியது, உராய்வு இழப்பை விட்டுவிட்டால், சுமார் 1,570 நியூட்டன் மீட்டர். புதிய மோட்டார் அதே கியரில் அனுப்பக்கூடியது 3,670. இரண்டாவதில் 1,990, மூன்றாவதில் 1,215, நான்காவதில் 860.

அந்தக் கடைசி எண்ணைக் கவனியுங்கள். பழைய எஞ்சின் இரண்டாவது கியரில் கொடுத்தது 850. அதை இந்த மோட்டார் நான்காவதிலேயே கொடுத்துவிடுகிறது. இன்னொரு பக்கம், பின்சக்கரங்கள் மீது ஐநூறு கிலோ இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், உலர்ந்த சாலையில் டயரின் பிடி 1,400 சொச்சத்தில் தீர்ந்துவிடும். அதற்குமேல் கொடுப்பதெல்லாம் ரப்பரைத் தேய்க்கத்தான். ஆக முதல் கியர் இந்தக் காருக்குப் பயனே இல்லாத கியர், ஆபத்தும்கூட. டயர் வழுக்கினால் தப்பித்தோம்; வழுக்காமல் பிடித்துக்கொண்டால் உடைவது உள்ளே இருக்கும் பல்.

பீட்டிலின் கியர்பாக்ஸ் அதன் காலத்தில் நல்ல பொருள்தான். மெக்னீசியக் கலவை உறை, நான்கு கியருக்கும் சின்க்ரோ, ஒழுங்காக எண்ணெய் மாற்றினால் பல ஆண்டு உழைக்கும். ஆனால் அது நாற்பது சொச்சம் குதிரைச்சக்திக்கு வடிவமைத்தது. விசையை இரண்டு மடங்குக்கு மேல் ஏற்றும்போது எங்கே முதலில் விட்டுக்கொடுக்கும் என்பது பந்தயக்காரர்களுக்கும் மணல்மேட்டில் பக்கி ஓட்டுபவர்களுக்கும் ஐம்பது ஆண்டுகளாகத் தெரியும். மின்கார்க்காரர்கள் அந்தப் பாடத்தை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம்.

முதல் பலவீனம் டிஃபரன்ஷியல். தொழிற்சாலைப் பெட்டிக்குள் சிறிய ஸ்பைடர் கியர்கள் இரண்டே இரண்டு. சூப்பர் டிஃப் என்று விற்கும் பாகம் அதை நான்காக்குகிறது. விசை நான்கு இடத்தில் பகிர்ந்து போகிறது. இரண்டாவது பலவீனம் பக்க மூடி. சுமையில் பினியன் பெரிய பல்சக்கரத்தைப் பக்கவாட்டில் தள்ளும்; மெல்லிய மூடி வளைந்துகொடுக்க, பற்கள் ஒன்றையொன்று விட்டு விலகி, நுனியில் மட்டும் உரசும். தடித்த விலா வைத்த மூடி போட்டால் இது நிற்கும். மூன்றாவதாக, மூன்றாம் நான்காம் கியர்களில் சின்க்ரோ பல்வளையம் அழுத்திப் பொருத்தப்பட்டிருப்பதால் அதிக விசையில் நழுவலாம். அதைப் பற்றவைத்துவிடுவது பழைய பந்தய வழக்கம். இந்த மூன்றையும் நண்பர் செய்துகொண்டார். எனக்கு மூன்றிலும் ஆட்சேபணை இல்லை.

ஆட்சேபணை இருந்தது நான்காவது யோசனையில். கியர்பாக்ஸ் கட்டித்தந்த முதியவர், கடைசி விகிதத்தை 3.875 ஆக்கலாம் என்றார். நெடுஞ்சாலையில் எஞ்சின் கத்தாமல் இருக்க பீட்டில்காரர்கள் வழக்கமாகச் செய்யும் மாற்றம் அது. பெட்ரோல் எஞ்சினுக்கு நியாயம்தான். ஆனால் இந்த மோட்டாருக்கு மூச்சு வாங்குவதில்லை. பழைய விகிதத்திலேயே 100 கிலோமீட்டர் வேகத்தில் நான்காவது கியரில் சுமார் 3,050 ஆர்பிஎம், மோட்டார் நிம்மதியாக இருக்கும் இடம். அதைக் குறைத்து என்ன கிடைக்கும்? நண்பர் யோசித்துவிட்டு 4.125-ஐயே வைத்துக்கொண்டார். மிச்சமான பணம் ஆக்ஸிலுக்குப் போனது.

ஆக்ஸில்தான் இந்த வேலையின் பெரிய தலைவலி, பெரிய பலனும் அதுவே. 1967 பீட்டிலில் ஸ்விங் ஆக்ஸில். ஒவ்வொரு பக்கமும் ஒரே மூட்டு, அது கியர்பாக்ஸ் ஓரத்தில். சக்கரம் மேலும் கீழும் போகும்போது கூடவே சாய்கிறது. வளைவில் வேகமாகப் போய்க்கொண்டே சட்டென்று காலை எடுத்தால் காரின் பின்பக்கம் எழும்பும், வெளிச்சக்கரம் உள்பக்கமாக மடங்கும், வால் வெளியே போகும். பின்னெஞ்சின் கார்களுக்குக் கெட்ட பெயர் வாங்கித்தந்த சங்கதி இது. இப்போது அதே வளைவில் காலை எடுத்தவுடன் மோட்டார் மின்சாரம் திரட்டத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். திரட்டுவது என்றால் பின்சக்கரங்களை மட்டும் பிடித்து நிறுத்துவது. சாய்ந்து நிற்கிற சக்கரத்துக்கு இது மேலும் ஒரு உதை. ஸ்விங் ஆக்ஸில் பீட்டிலில் பலமான மின்மீட்பு பிரேக் வைப்பதை நான் எதிர்க்கிறேன். ஈரச் சாலையில் ஓட்டிப் பார்த்தவர் யாரும் மறுக்க மாட்டார்கள்.

அமெரிக்காவுக்கு வந்த பீட்டில்களில் 1968-இல் ஆட்டோஸ்டிக் வகைக்கும், 1969 மாடலிலிருந்து மற்றவற்றுக்கும் ஐஆர்எஸ் எனப்படும் சுதந்திரப் பின்சஸ்பென்ஷன் வந்தது. ஒவ்வொரு அரைத்தண்டிலும் இரண்டு சிவி ஜாயின்ட்டுகள். சக்கரம் கிட்டத்தட்ட நேராகவே நிற்கும். நண்பர் செய்ததுபோல் பழைய சேஸியில் இதைப் பொருத்த வேண்டுமென்றால் டார்ஷன் குழாயில் தாங்கிகளைப் பற்றவைக்க வேண்டும், பின்கைகளை வேறொரு காரிலிருந்து கொண்டுவர வேண்டும், கியர்பாக்ஸும் அந்த வகையாக இருக்க வேண்டும். நல்ல வெல்டர் இல்லாமல் தொடக்கூடாத வேலை. தாங்கி ஒரு பக்கம் சிறிது பிசகினாலும் கார் ஆயுள் முழுக்கக் கோணலாக ஓடும்.

சிவி ஜாயின்ட்டின் அளவிலும் ஒரு தேர்வு இருக்கிறது. பீட்டிலுக்கு உரியது 94 மில்லிமீட்டர் விட்டம். வேனில், அதாவது டைப் 2-இல், வந்தது 100. போர்ஷே 930 டர்போவில் வந்தது 108. கடைக்காரர்கள் 930-ஐ விற்கத்தான் ஆசைப்படுவார்கள். மேலே போட்ட கணக்கின்படி டயர் 1,400-க்கு மேல் தாங்காது என்றால், 100 மில்லிமீட்டர் தாராளம். பெரியதை வாங்கினால் விலையும் எடையும்தான் மிச்சம். நண்பர் 100 போட்டார். மூட்டை மூடும் ரப்பர் பூட் கிழியாமல் பார்த்துக்கொள்வதுதான் இனிமேல் அவர் கவலை.

கிளட்சுக்கு வருகிறேன். மின்காருக்குக் கிளட்ச் எதற்கு என்று கேட்பவர்கள் பலர். மோட்டார் நின்ற நிலையிலேயே இழுக்கும், சிக்னலில் கிளட்சை மிதிக்கத் தேவையில்லை, அதுவரை சரி. ஆனால் கியர் மாற்றும்போது கிளட்ச் இல்லையென்றால் சின்க்ரோ வளையம் மோட்டாரின் ரோட்டார் முழுவதையும் பிடித்து வேகம் குறைக்க வேண்டும். பித்தளை வளையம் அதற்குப் பிறந்ததல்ல. பழைய அமைப்பில் இரண்டிலிருந்து மூன்றுக்குப் போக லீவரை மெல்ல அழுத்திப் பிடித்துக் காத்திருக்க வேண்டியிருந்தது. பின்னால் வருபவர் ஹாரன் அடிக்கத் தொடங்கிவிடுவார். இப்போது 200 மில்லிமீட்டர் கிளட்ச், எடை குறைத்த ஃப்ளைவீல். புதிய மோட்டாரின் வேகத்தைக் கன்ட்ரோலர் கட்டுப்படுத்துவதால் தறிகெடும் பயமும் இல்லை. லீவர் சொன்னபடி போகிறது. எனக்கு இதில் பிடித்த இன்னொரு விஷயம், கிளட்ச் ஒரு பாதுகாப்பு வால்வு மாதிரியும் வேலை செய்கிறது. எங்காவது விசை எகிறினால் பல் உடைவதற்கு முன் தட்டு வழுக்கும். தட்டு மலிவு.

மோட்டாரையும் கியர்பாக்ஸையும் சேர்க்கும் தகடும் ஹப்பும் பார்ப்பதற்குச் சாதாரண அலுமினியத் துண்டும் இரும்புத் துண்டும். ஆனால் இரண்டு தண்டுகளும் ஒரே நேர்கோட்டில் நிற்பது இவற்றின் கையில் இருக்கிறது. எஞ்சினின் அதிர்வில் மறைந்துபோகும் சிறு பிசகு இங்கே மறையாது. 5,000 ஆர்பிஎம்மில் முதுகில் தெரியும். பொருத்தும்போது டயல் கேஜ் வைத்து ஃப்ளைவீலின் ஆட்டத்தைப் பார்த்தோம். முதல் முறை திருப்தி இல்லை. ஹப்பைக் கழற்றி, கூம்பு முகத்தைத் துடைத்து, திரும்ப இறுக்கியதும் முள் அசையவில்லை என்றே சொல்லலாம். தொகுப்பாக வாங்குபவர்கள் இந்தச் சோதனையைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தாண்டாதீர்கள்.

மவுன்ட்டுகளில் நண்பருக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை. பீட்டிலில் எஞ்சின், கியர்பாக்ஸின் வாலில் தொங்குகிறது. கியர்பாக்ஸை முன்பக்கம் ஒரு ரப்பரும் பின்பக்கம் இரண்டு ரப்பரும் பிடித்திருக்கின்றன. விசை கூடியதும் அந்த ரப்பர் பிய்யும் என்பது உண்மை. அவர் யூரித்தேன் மவுன்ட் போட்டார். உறுதியாக இருக்கிறது, கூடவே கியர்பாக்ஸின் ஊளை முழுவதும் காருக்குள் வருகிறது. பெட்ரோல் எஞ்சின் பின்னால் அலறிக்கொண்டிருந்தவரை அந்த ஊளை யார் காதிலும் விழுந்ததில்லை. இப்போது மூன்றாவது கியரில் 70-ஐத் தாண்டும்போது பேச்சை நிறுத்த வேண்டியிருக்கிறது. புதிய ரப்பரைப் போட்டு, சேஸியின் பின்கொம்புகளை ஷாக் தாங்கிகளோடு கட்டும் கேஃபர் பிரேஸ் கம்பிகளைச் சேர்த்திருந்தால் ஆட்டமும் அடங்கியிருக்கும், காதும் பிழைத்திருக்கும். எண்ணெய் மட்டும் சரியானது: 80 டபிள்யூ-90, ஜிஎல்-4 ரகம். ஜிஎல்-5 ஊற்றினால் சத்தம் குறையும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதிலுள்ள சேர்மானங்கள் சின்க்ரோவின் பித்தளைக்கு ஆகாது.

ஓட்டும்போது என்ன தெரிகிறது? ஊருக்குள் மூன்றாவதில் கிளம்பி மூன்றாவதிலேயே வீடு திரும்பலாம். 4.125 விகிதத்தில் மூன்றாவது கியர் 100 கிலோமீட்டருக்கு 4,300 ஆர்பிஎம் சொச்சம்தான். சான் டியேகோவின் டோரி பைன்ஸ் மேட்டில் நவீன கார்களோடு சேர்ந்து ஏறுகிறது. பழைய மோட்டார் பாதி மேட்டிலேயே சோர்ந்துவிடும்.

உண்மையான பரீட்சை பாலோமர் மலை. 200 அங்குல ஹேல் தொலைநோக்கி இருக்கும் மலை, தொலைநோக்கி நிற்கும் இடமே கிட்டத்தட்ட 1,700 மீட்டர் உயரம். தெற்குச் சரிவுச் சாலை ஊசிவளைவுகளுக்குப் பேர்போனது. மின்காருக்குக் கியர்பாக்ஸ் தேவையில்லை என்பவர்களை இங்கே கூட்டிவர வேண்டும். ஆட்களோடு 1,100 கிலோ என்று வைத்துக்கொண்டு, ஏழு சதவீத ஏற்றத்தில் 60 கிலோமீட்டர் வேகம் என்றால், நான்காவது கியரில் மோட்டார் தர வேண்டியது சுமார் 87 நியூட்டன் மீட்டர். இரண்டாவதில் 37 போதும். வேலை அதேதான், ஆனால் முறுக்குவிசை குறைந்தால் மின்னோட்டம் குறையும். மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்பச் செம்புக் கம்பி சூடாகும். அதாவது கம்பியில் பிறக்கும் சூடு ஏறக்குறைய ஐந்தில் ஒன்றாகிவிடும். இந்த மோட்டார் காற்றால் குளிர்வது என்பதால் இது முக்கியம். நான்காவதில் ஏறியபோது வெப்பமானியின் எண் நிற்காமல் ஏறிக்கொண்டே இருந்தது. ஒரு வளைவுக்கு முன் இரண்டாவதுக்கு இறக்கினோம். மெல்ல இறங்கத் தொடங்கியது.

தொழிற்சாலை மின்கார்கள் ஒரே விகிதத்தில் ஓடுகின்றனவே என்று கேட்கலாம். நிசான் லீஃபின் விகிதம் ஏறக்குறைய 8. பீட்டிலின் இரண்டாவது கியர் மொத்தமாக 8.5. ஆக அவர்கள் தேர்ந்தெடுத்ததும் ஏறக்குறைய இந்த இரண்டாவதைத்தான். ஆனால் அவர்களுடைய மோட்டார் பத்தாயிரத்துக்கு மேல் சுற்றும், நீரால் குளிரும். ஹைப்பர் 9 இரண்டாவதில் 113 கிலோமீட்டரைத் தொடும்போது 8,000 ஆர்பிஎம்மில் நிற்கும். அங்கே அதற்கு இழுவை மிச்சம் இருக்காது.

இறக்கத்தில் புதிய சஸ்பென்ஷன் தன் விலையைச் சொல்கிறது. வளைவுக்கு நடுவில் காலை எடுத்தாலும் பின்பக்கம் எழும்பவில்லை. மின்மீட்பைப் பாதி அளவுக்கு வைத்திருந்தோம். அதற்கு மேல் ஏற்றியபோது வால் லேசாக நகர்வது தெரிந்தது. மின்மீட்பில் பல்சக்கரங்கள் மறுமுகத்தில் சுமை தாங்குகின்றன என்பதும் நினைவிருக்கட்டும். அந்த முகம் எஞ்சின் பிரேக்கின் மென்மையான இழுப்புக்குப் பழகியது. மலை உச்சியில் வீடு இருப்பவர்கள் பேட்டரியை முழுவதும் நிரப்பிக்கொண்டு இறங்கக்கூடாது; நிரம்பிய பேட்டரிக்கு மின்சாரம் ஏற்ற முடியாது, மீட்பு பிரேக் இல்லாமலே முதல் வளைவுக்கு வருவீர்கள். அப்போது கைகொடுக்க வேண்டியது சாதாரண பிரேக். இந்தக் காரில் அது இன்னும் நான்கு பக்கமும் டிரம். அதே ஆண்டு ஐரோப்பாவில் விற்ற 1500-க்கு முன்பக்கம் டிஸ்க் இருந்தது, அமெரிக்காவுக்கு அனுப்பியதில் இல்லை. இத்தனை விசையை ஏற்றிவிட்டு டிரம்மை விட்டுவைத்தது இந்த வேலையின் ஆகப்பெரிய குறை.

செய்ததிலேயே காசில்லாத மாற்றம் கன்ட்ரோலருக்குள் நடந்தது. பெடலை அழுத்தியதும் முழு விசையும் ஒரே வீச்சில் வராமல், சற்றே ஏறி வரும்படி நிரலில் சரிவை நீட்டினோம்; உச்ச விசையையும் முக்கால் பங்குக்குக் குறைத்தோம். ஓட்டும் சுகத்தில் இழப்பு ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. கியர்பாக்ஸுக்கு விழும் அடி பாதியாகிவிட்டது என்று லீவரைத் தொட்டாலே தெரிகிறது. உண்மையில், வெல்டிங்கும் சூப்பர் டிஃபும் வாங்கக் காசில்லாதவர் இதை மட்டும் செய்தாலே பழைய கியர்பாக்ஸ் நெடுநாள் வரும்.

மாற்று வழி உண்டா என்றால், ஃபோக்ஸ்வேகனே காட்டியிருக்கிறது. 2019-இல் ஈகிளாசிக்ஸ் என்ற நிறுவனத்தோடு சேர்ந்து அவர்கள் காட்டிய இ-கேஃபரில் பழைய கியர்பாக்ஸே இல்லை. இ-அப் காரின் 60 கிலோவாட் மோட்டாரும் அதன் ஒற்றை வேக கியரும் அப்படியே உள்ளே, 36.8 கிலோவாட் மணி பேட்டரி, எடை 1,280 கிலோ. பொறியியலாகப் பார்த்தால் சுத்தமான தீர்வு, சந்தேகமில்லை. ஆனால் மூலக் காரை விட நானூறு ஐநூறு கிலோ கூடுதல், கையில் லீவரும் இல்லை. பழைய கார் சங்கங்களின் சர்வதேச அமைப்பான ஃபிவா, மின்மாற்றம் செய்த காரைப் பழம்பெரும் வாகனமாகவே ஏற்பதில்லை என்று அதே ஆண்டு சொல்லிவிட்டது. எப்படியும் அந்தப் பட்டம் போய்விட்டது. ஓட்டுகிற சுகத்தையாவது வைத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி.

செலவு: மோட்டாரும் கன்ட்ரோலரும் சேர்ந்து சுமார் 5,000 டாலர். பலப்படுத்திய கியர்பாக்ஸ், நாங்கள் விசாரித்த இடங்களில் 1,500 முதல் 2,500 வரை. ஐஆர்எஸ் வேலைக்கு வெல்டரின் கூலிதான் பெரிது. அம்பாசடரோ பத்மினியோ வைத்திருக்கும் நம்மூர்க்காரர்கள் இந்தப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அவற்றில் எஞ்சின் முன்னால், நீண்ட புரொப்பெல்லர் ஷாஃப்ட், பின்னால் ஒற்றைத் துண்டு ஆக்ஸில். பலவீனங்கள் வேறு இடத்தில் இருக்கும். போதாததற்கு, இந்தியாவில் அங்கீகாரம் பெற்ற மாற்றுத் தொகுப்பாக இருந்தால்தான் ஆர்சி புத்தகத்தில் மின்வாகனம் என்று பதிவாகும். கொட்டகையில் செய்ததைப் பதிவு செய்ய முடியாது.

ஸ்விங் ஆக்ஸிலை மாற்ற விருப்பமில்லாத பீட்டில்காரர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. அவர்களுக்கு என் வரிசை இப்படி: முன்பக்க டிஸ்க் பிரேக், கிளட்ச், நிரலில் விசையைக் குறைப்பது, மின்மீட்பைக் கால்வாசிக்குக் கீழே வைப்பது. இவ்வளவும் முடிந்து பணம் மிஞ்சினால் மட்டும் கியர்பாக்ஸைத் திறங்கள். நண்பர் இப்போது டிஸ்க் பிரேக்குக்குப் பணம் கட்டியிருக்கிறார். யூரித்தேன் மவுன்ட்டைப் பற்றி இன்னும் பிடிகொடுக்கவில்லை.